சங்கு ஊதாத மதியம்

எங்கள் குவார்ட்டர்ஸின் சிமெண்டுத் தரையில் காதை வைத்துப் படுத்தால் அடியில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்கும். கேட்கும் என்று நான்தான் சொன்னேன். வீட்டில் வேறு யாருக்கும் கேட்டதில்லை. தரை சில்லென்று இருக்கிறது, சளி பிடிக்கும், எழுந்திரு என்று அம்மா சத்தம் போடுவாள். நான் அசைய மாட்டேன். நான் எழுந்து போன நேரமாகப் பார்த்துத் தண்ணீர் மேலே வந்துவிட்டால்?

இந்தக் கவலையை எனக்குக் கொடுத்தவர் அப்பா. வேண்டுமென்று கொடுக்கவில்லை. அவருக்கு மைன்ஸில் பம்பு வேலை. வீட்டுக்கு வந்த விருந்தாளி ஒருவரிடம் சாப்பிட்டுக்கொண்டே விளக்கிக்கொண்டிருந்தார். நிலக்கரிக்குக் கீழே ஒரு பெரிய தண்ணீர் இருக்கிறது, அது சும்மா கிடக்கிற தண்ணீர் இல்லை, மேலே வரத் துடிக்கிற தண்ணீர், ராத்திரி பகலாகப் பம்பு போட்டு இறைத்துக்கொண்டே இருந்தால்தான் ஆட்கள் கீழே இறங்கி வெட்ட முடியும் என்றார். பம்பு நின்றால் என்ன ஆகும் என்று விருந்தாளி கேட்டார். அப்பா ரசத்தைக் குடித்துவிட்டு, நிற்காது என்று சிரித்தார். விருந்தாளி அந்தச் சிரிப்பை நம்பி மோருக்குக் கை நீட்டினார். எனக்கு அப்போது எட்டு வயது. நான் நம்பவில்லை.

படுத்துக்கொண்டு யோசித்தேன். பம்பு ஓட கரண்ட் வேண்டும். கரண்ட் வர நிலக்கரி வேண்டும். நிலக்கரி வெட்டப் பம்பு ஓட வேண்டும். மூன்று பிள்ளைகள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு வட்டமாகச் சுற்றுவது போல இருந்தது. ஒருத்தி தடுக்கினால் மூன்று பேரும் விழ வேண்டியதுதான். அவர்கள் விழும்போது அப்பா கீழே பள்ளத்தில் இருப்பார். அன்று முதல் வீட்டு ஃபேன் கொஞ்சம் தயங்கினாலும் நான் வாசலுக்கு ஓடி ரோட்டைப் பார்ப்பேன். நம் ஊர் கரண்ட்தான் மெட்ராஸ் வரைக்கும் போகிறது என்று டவுன்ஷிப்பில் எல்லோரும் பெருமைப்படுவார்கள். நமக்குக் கொஞ்சம் எடுத்து வைத்துக்கொண்டு அனுப்புகிறார்களா என்று நான் கவலைப்படுவேன்.

அந்த வருஷம்தான் மாமா வந்தார். அம்மாவுக்கு அண்ணன். மேற்கே மலைமேல் ஓர் அணை கட்டியபோது, பாறைக்கு வெடி வைத்த காலத்திலிருந்தே அங்கே இருந்தவர். கட்டி முடித்துக் கரண்ட் எடுக்க ஆரம்பித்த பிறகு அவரை ஷட்டர் ஏற்றி இறக்குகிற வேலையில் வைத்துக்கொண்டார்கள். அந்த வேலையை விட்டுவிட்டு ஒரு தகரப் பெட்டியோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். அத்தை மலைக்காய்ச்சலில் போய்விட்டாள், தனியாக இருக்க அவருக்குப் பிடிக்கவில்லை என்று எனக்குச் சொன்னார்கள். அத்தையைப் பற்றி மாமாவிடம் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது என்றும் சொன்னார்கள். கேட்கக் கூடாது என்றால் கேட்காத பிள்ளை நான். என் கவலைக்கு ஏற்கெனவே நிறைய விஷயங்கள் இருந்தன.

வந்த அன்றைக்கே அந்தக் கூத்து நடந்தது. எங்கள் பிளாக்குக்குப் பின்னால் ஒரு வாய்க்கால் உண்டு. மைன்ஸில் இறைக்கிற தண்ணீர்தான் அதில் ஓடிவரும். கோடையிலும் குறையாது, தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும், முந்திரித் தோப்பு ஓரமாகப் போய் எங்கோ சேத்தியாத்தோப்புப் பக்கம் வயல்களில் பாயும். மாமாவுக்கு அதைக் காட்டலாம் என்று கூட்டிப்போனேன். முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று, இது பூமிக்கு அடியிலிருந்து வருகிறது மாமா என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே மைன்ஸில் ஷிப்டு விடுகிற இரண்டு மணிச் சங்கு ஊதியது. அடுத்த நொடி நான் தண்ணீரில் இல்லை. மாமா என்னை அக்குளோடு அள்ளித் தூக்கிக்கொண்டு கரை ஏறி, ரோட்டைத் தாண்டி, தண்ணீர் டேங்கு மேட்டில் கொண்டுபோய் நிறுத்தினார். ஓடும்போதே திரும்பித் திரும்பி, துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்து ஏறுங்க, மேல ஏறுங்க என்று கத்திக்கொண்டே வந்தார். சங்கு நின்றது. வாய்க்கால் எப்போதும் போல ஓடியது. ரோட்டில் ஷிப்ட் விட்டு சைக்கிள்கள் வர ஆரம்பித்தன. மேட்டில் நாங்கள் இருவரும் நின்றுகொண்டிருந்தோம். அவருடைய வேட்டி முழுக்கச் சேறு.

அவருடைய அணையில் சங்கு ஊதினால் ஷட்டரைத் திறக்கப் போகிறார்கள் என்று அர்த்தமாம். ஆற்றுக்குள் இருக்கிறவர்கள் ஆடு, மாடு, துணி எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு மேட்டுக்கு ஏறிவிட வேண்டுமாம். அங்கே சங்கு ஊதினால் தண்ணீர் வரும். எங்கள் ஊரில் சங்கு ஊதினால் அப்பா வருவார். இவ்வளவுதான் வித்தியாசம் என்று அம்மா அவருக்குச் சோறு போட்டுக்கொண்டே சொல்லிச் சிரித்தாள். சிரித்துவிட்டு உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரித்தால் சில பேருக்குக் கண்ணில் தண்ணீர் வரும் என்று எனக்குத் தெரியும்.

சாயங்காலங்களில் மாமா அணையைப் பற்றிச் சொல்வார். கதை சொல்வது போலச் சொல்ல மாட்டார், தூரத்தில் எதையோ பார்த்துக்கொண்டே சொல்வார். நானும் எங்கேயோ மிதந்துகொண்டே கேட்பேன். சிமெண்டுக் கலவையில் ஐஸ் கட்டி போட்டார்களாம். அவ்வளவு பெரிய சுவர் இறுகும்போது அதற்குக் காய்ச்சல் அடிக்குமாம். குளிர வைக்காவிட்டால் விரிசல் விட்டுவிடுமாம். அந்தச் சுவருக்கு உள்ளேயே நடந்து போக வழி இருக்கிறதாம். வரிசையாக பல்பு எரியுமாம், பனி போலத் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்குமாம். அங்கே சுவரில் காது வைத்தால் அந்தப் பக்கம் ஏரி இருப்பது தெரியும் என்றார். நான் மெதுவாக, எனக்கும் தரையில் கேட்கும் மாமா என்றேன். அவர் சிரிக்கவில்லை. படுத்துக் காதை வைத்தார். வெகுநேரம் கழித்து, "ஆமா அம்மிணி, தூரத்துல கேக்குது" என்றார். எனக்கு மாமாவை அன்றைக்குத்தான் பிடித்துப்போனது.

பிறகு என் பயத்தை முழுக்க அவரிடம் சொன்னேன். பம்பு, கரண்ட், நிலக்கரி, மூன்று பிள்ளைகள், எல்லாம். நன்றாகக் கேட்டுக்கொண்டார்.

"இங்க கரண்டு எடுக்கற அடுப்பப் பத்த வெக்கறதுக்கே கரண்டு வேணும்," என்றார். "எங்கூட்டு அணைக்கு அது வேண்டியதில்ல. கதவத் தொறந்தாப் போதும். தண்ணி மலைக்குள்ள பூந்து, குழாயில எறங்கி, சக்கரத்துல வுழுகும். ஊரெல்லாம் இருட்டாயிருச்சுன்னா மொதல்ல எந்திரிக்கறது அதுதான். அது எந்திரிச்சு மத்தவங்கள எழுப்பும்."

சுற்றுகிற மூன்று பிள்ளைகளுக்கு வெளியே நான்காவதாக ஒருத்தி, மலைமேல், ஏரியை மடியில் வைத்துக்கொண்டு தூங்காமல் உட்கார்ந்திருக்கிறாள். அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டேன். மாமா சொன்னால் அவள் கேட்பாள். ஆகவே மாமா எங்கள் வீட்டில் இருக்கிற வரைக்கும் அப்பாவுக்கு ஒன்றும் ஆகாது. இது எனக்கு அவ்வளவு தெளிவாக இருந்தது.

ஆனால் மாமா இருப்பாரா என்பதுதான் சந்தேகமாகிக்கொண்டே வந்தது. அப்பா ஒரு மேஸ்திரியிடம் சொல்லி அவரைக் கான்ட்ராக்டில் சேர்த்துவிட்டிருந்தார். வாய்க்காலில் இறங்கித் தூர் எடுக்கிற வேலை. ஆட்கள் எல்லோரும் பக்கத்து மந்தாரக்குப்பத்திலிருந்து வருகிறவர்கள். மாமா நன்றாகத்தான் வேலை செய்தார். இரண்டு மணிச் சங்கு ஊதும் வரை செய்தார். சங்கு ஊதியதும் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கரையேறினார். தான் மட்டும் ஏறினால் பரவாயில்லை, பக்கத்தில் இருக்கிறவனையும் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறினார். மண் சுமக்கிற சித்தாள் அக்கா ஒருத்தி இருந்தாள், பெரிய வாய்க்காரி. அவளுக்கு இது தினமும் பார்க்கிற சினிமாவாகிவிட்டது.

"இன்னா சங்கு மாமா," என்பாள், "ரெண்டு மணி சங்குக்கே இந்த ஓட்டம் ஓடிகினு கீறீங்களே, பத்து மணி சங்குக்குப் பண்ருட்டிக்கே பூடுவீங்க போல?"

சங்கு மாமா என்ற பெயர் பிளாக் முழுக்கப் பரவிவிட்டது. மேஸ்திரி சிரிக்கவில்லை. இன்னொரு தடவை வேலையைப் போட்டுவிட்டு ஆட்களையும் கலைத்தால் நின்றுகொள்ளச் சொல்லிவிடுவேன் என்று அப்பாவிடம் சொல்லியனுப்பினார். அப்பாவுக்குத் தலைகுனிவாகப் போய்விட்டது. அன்று சாப்பிடும்போது, இது டேம் இல்லை மச்சான், மைன்ஸ், இது உங்களுக்கே தெரியாதா என்று கேட்டார். மாமா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"எனக்குத் தெரியுதுங்க மாப்ள. காலுக்குத் தெரிய மாட்டீங்குது."

அப்பா மோரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். ஆனால் மறுநாள் மாமா தன் தகரப் பெட்டியைத் திறந்து சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்ததை நான் பார்த்துவிட்டேன். இந்த வேலையும் போனால் தங்கை வீட்டுக்கு இனி பாரமாக இருக்க மாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். மாமா போய்விட்டால் அணையிடம் யார் சொல்வது என்று எனக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டுவிட்டார்கள். தூர் வேலையும் இல்லை. அப்பா காலை ஷிப்டுக்குப் போயிருந்தார். அடுப்பில் அம்மா ஏதோ தாளித்துக்கொண்டிருந்தபோது ஃபேன் மெதுவாகி, இன்னும் மெதுவாகி, நின்றது. பக்கத்து வீட்டு ரேடியோ பாதிப் பாட்டில் நின்றது. தெருவே நின்றது போல இருந்தது. எங்கள் ஊரில் கரண்ட் போவது அபூர்வம். அப்படியே போனாலும் ஒரு பிளாக்கில் போகும், அடுத்த பிளாக்கில் இருக்கும். அன்று எல்லா பிளாக்கிலும் இல்லை. எங்கோ பெரிய லைன் விழுந்துவிட்டதாம், மெட்ராஸிலும் இல்லையாம் என்று சைக்கிளில் போன யாரோ சொல்லிவிட்டுப் போனார். மேகம் இறங்கிப் பகலே சாயங்காலம் மாதிரி இருந்தது. அம்மா சாமி விளக்கை எடுத்துக் கூடத்தில் வைத்தாள்.

நான் தரையில் படுத்துக் காதை வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. எழுந்து மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டேன், அணையிடம் சொல்லுங்கள் என்றேன். அதற்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை, தானாகவே எழுந்திருக்கும், கொஞ்சம் நேரமாகும் என்றார். ஆனால் அவரும் வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

மழை விட்ட நேரத்தில் தெருப்பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு ஓடினார்கள். வாய்க்கால் வற்றிவிட்டதாம். மீன் கையிலேயே பிடிக்கலாமாம். அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, இவளைக் கொஞ்சம் வெளியே கூட்டிப் போங்கண்ணா, இங்கேயே இருந்தால் அழுதே ஜுரம் வரவழைத்துக்கொள்வாள் என்றாள். ஓர் அலுமினிய பேசினைக் கையில் கொடுத்தாள்.

ஒருநாளும் நிற்காத வாய்க்கால் நின்றுபோயிருந்தது. பம்பு ஓடாததால் மேலிருந்து தண்ணீர் வரவில்லை. சேறு பளபளவென்று கிடந்தது, அதில் அங்கங்கே ஒரு கை அளவு தண்ணீரில் மீன்கள் புரண்டன. எங்கள் பிளாக் பிள்ளைகள், மந்தாரக்குப்பத்துப் பிள்ளைகள், பெரியவர்களும் சில பேர், எல்லோரும் உள்ளே இறங்கியிருந்தார்கள். சித்தாள் அக்கா புடவையைச் சொருகிக்கொண்டு கூடையால் சேற்றை வழித்துக்கொண்டிருந்தாள். யாரும் சத்தமாகப் பேசாதது போலவும், எல்லாமே ஒரு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பது போலவும் இருந்தது. நான் மீனைப் பார்க்கவில்லை. ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ரோட்டில் சைக்கிள்கள் வர ஆரம்பித்தன. ஒன்று, பிறகு இரண்டு மூன்றாக, கேரியரில் டிபன் பாக்ஸோடு. காலை ஷிப்டு விட்டிருக்கிறது. மாமாவும் பார்த்தார்.

"சங்கு ஊதலயே அம்மிணி," என்றார்.

எனக்குத் தெரிந்த ஒரே விஷயம் அது. பெரியவர்களுக்குப் பாடம் சொல்வது போலச் சொன்னேன்: "கரண்ட் இல்லன்னா சங்கு எப்படி மாமா ஊதும்?"

மாமாவின் முகம் அப்போது போன போக்கை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. என் கையிலிருந்த பேசினைப் பிடுங்கினார். கீழே கிடந்த முந்திரிக் கம்பை எடுத்து அதை அடிக்க ஆரம்பித்தார். அடித்துக்கொண்டே கரையில் ஓடினார். மேல ஏறுங்க, ஏறுங்க என்று கத்தினார். நானும் அழுதுகொண்டே பின்னால் ஓடினேன். அவர் தண்ணீர் வருகிறது என்றால் வருகிறது. பிள்ளைகள் சிரித்தார்கள். ஒரு பையன் மீனைத் தூக்கிக் காட்டி, இவனும் ஏறணுமா சங்கு மாமா என்று கேட்டான். கரையில் குடையோடு நின்றிருந்த மேஸ்திரி, இன்றோடு தீர்ந்தது என்கிற மாதிரி தலையை ஆட்டினார்.

சித்தாள் அக்காவும் சிரிக்கத்தான் நிமிர்ந்தாள். நிமிர்ந்தவள் மாமாவின் முகத்தைப் பார்த்தாள். கூடையை அப்படியே போட்டாள்.

"ஏய், ஏறுங்கடா எல்லாம்," என்றாள். "அந்த ஆளு மூஞ்சியப் பாத்துகினு மீனா புடிக்கிறீங்க? ஏறு, உன்னத்தான்."

அவள் குரலுக்கு எல்லோரும் பயப்படுவார்கள். சின்னதுகளை இடுப்பில் ஒன்று, கையில் ஒன்றாக இழுத்துக்கொண்டு அவள் ஏற, மற்றவர்களும் முணுமுணுத்துக்கொண்டே ஏறினார்கள். மேஸ்திரிகூட, கரையில் நின்றிருந்தவர், இரண்டடி பின்னால் போனார்.

வாய்க்கால் காலியாகக் கிடந்தது. எல்லோரும் மேலே நின்று காலிச் சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது ரோட்டோரத் தெருவிளக்கு இரண்டு முறை கண் சிமிட்டிவிட்டு, மங்கலாக எரிந்தது. அணை எழுந்துவிட்டது என்று நான் கத்தினேன். யாருக்கும் புரியவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் கழித்துத்தான் தண்ணீர் வந்தது. முன்னால் ஒரு கோடு நுரை, அதன் மேல் ஒரு ரப்பர் செருப்பு, கொஞ்சம் முந்திரி இலை. நிதானமாக, யாருடைய வீட்டுக்கோ விருந்துக்கு வருவது போல வந்தது. உள்ளே நின்றிருந்தால் கணுக்கால் நனைந்திருக்கும். குழந்தையாக இருந்தால் முழங்கால். அவ்வளவுதான். சித்தாள் அக்காவின் கூடையைத் தூக்கிக்கொண்டு போனது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மாமா சிரிப்பைக் கவனிக்கவில்லை. கரையில் நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தார். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து பார்த்தார். பிறகு என்னிடம் குனிந்து ரகசியம் போலக் கேட்டார்.

"இன்னொருத்தி எங்க அம்மிணி?"

யாரைக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. நானும் ஒரு முறை பார்த்தேன். எல்லோரும் இருந்தார்கள். "எல்லாரும் ஏறிட்டாங்க மாமா," என்றேன்.

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன் மாமா."

அப்படியே ஈரக் கரையில் உட்கார்ந்துவிட்டார். பேசின் அவர் மடியில் நசுங்கிக் கிடந்தது.

அப்பா சைக்கிளில் வந்தார். உயிரோடு, மழைக்கோட்டோடு, பீடி வாசனையோடு வந்தார். பம்பு நின்றதும் எல்லோரையும் மேலே வரச் சொல்லிவிட்டார்களாம். கரண்ட் வரும் வரை ஷெட்டில் உட்கார்ந்து அரட்டை அடித்துக்கொண்டிருந்தார்களாம். தண்ணீர் ஒரு சாண் ஏறுவதற்கே வெகுநேரம் பிடிக்குமாம். இதையெல்லாம் பிறகு சொன்னார். அப்போது கூட்டத்தைப் பார்த்தார், நசுங்கிய பேசினைப் பார்த்தார், கீழே உட்கார்ந்திருந்த மாமாவைப் பார்த்தார். சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு, வாங்க மச்சான் என்று தோளைப் பிடித்துத் தூக்கி கேரியரில் உட்கார வைத்து, தள்ளிக்கொண்டே நடந்தார். நான் பேசினைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். மாமாவின் வேலை போய்விட்டது, நாளைக்குப் பெட்டியோடு கிளம்பிவிடுவார் என்று அழுதுகொண்டே போனேன்.

வேலை போகவில்லை. மழை விட்டு வேலை தொடங்கிய அன்று சித்தாள் அக்கா மேஸ்திரியிடம் ஏதோ பேசியிருக்கிறாள். கரையில் ஓர் ஆள் நிற்பது நல்லதுதானே, மேலே தண்ணீர் விடுகிறார்களா இல்லையா என்று நமக்கு யார் சொல்கிறார்கள் என்று கேட்டாளாம். மேஸ்திரி முனகிக்கொண்டே, ஆளைக் கீழே இறக்க வேண்டாம், கரையிலேயே நிற்கட்டும், வெட்டிய மண்ணை மேலே சமன் பண்ணட்டும் என்று விட்டுவிட்டார். சட்டைகள் மறுபடி பெட்டியிலிருந்து கொடிக்கு வந்தன. கூடையைத் தண்ணீர் கொண்டுபோன விஷயத்தை மட்டும் அக்கா கடைசி வரை சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

மாமா அதற்குப் பிறகு எங்கள் வீட்டிலேயே இருந்தார், நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, பிறகு கல்யாணமாகிப் போகும் வரைக்கும். சங்கு ஊதினால் ஓடுவதில்லை. லீவு நாட்களில் இரண்டு மணிச் சங்குக்கு நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருப்போம். சங்கு ஊதும்போது மாமாவின் கை தட்டிலேயே நிற்கும். என்னைப் பார்ப்பார். எல்லாரும் ஏறிட்டாங்க மாமா என்பேன். பாத்தியா என்பார். பாத்தேன் என்பேன். சரி அம்மிணி என்று அடுத்த கவளத்தை எடுப்பார். பள்ளிக்கூடத்தில் இருக்கிற நாட்களில் சங்குக்கு நான் பெஞ்சிலிருந்தே முணுமுணுப்பேன். என்னடி உளறுகிறாய் என்று பக்கத்தில் இருக்கிறவள் கேட்பாள். அது எனக்கும் மாமாவுக்கும் உள்ள விளையாட்டு என்று சொல்லிவிடுவேன். என் மாமாதான் அன்றைக்கு ஊருக்கே கரண்ட் வரவழைத்தார் என்றும் சேர்த்துச் சொல்வேன்.

மாமா காலமான பிறகுதான் அம்மா சொன்னாள், அரிசி புடைத்துக்கொண்டே, முறத்தைப் பார்த்தபடி. அத்தைக்குக் காய்ச்சல் ஒன்றும் இல்லை. அணைக்குக் கீழே ஆற்றில் துணி துவைக்க இறங்கியிருக்கிறாள். மேலே ஷட்டரைத் திறந்திருக்கிறார்கள். "ஊருக்கெல்லாம் கரண்டு குடுக்கற அணை," என்றாள் அம்மா. "அன்னிக்குன்னு பாத்து அங்க சங்குக்குக் கரண்டு இல்ல."

மாமாவுக்கு அங்கே என்ன வேலை என்பது எனக்குத் தெரியும். அதை அம்மா சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவள் புடைத்துக்கொண்டே இருந்தாள்.

அவர் கேட்டதெல்லாம் ஒருத்தியை. நான் ஒவ்வொரு தடவையும் எல்லாரையும் சொன்னேன். அவரும் சரி அம்மிணி என்று சாப்பிட்டார்.